எதிர்ச்சாரிக் கொசு மருந்து

சீட்டுக் குலுக்கிய அன்றைக்கு நான் போட்ட சத்தம் திருமழிசை பஸ் நிறுத்தம் வரைக்கும் கேட்டது என்று என் வீட்டுக்காரர் கிறிஸ்துராஜ் இன்னமும் சொல்லிக்காட்டுகிறார். கேட்கட்டுமே. நியாயத்தைக் கேட்கும்போது குரல் கொஞ்சம் ஏறத்தான் செய்யும்.

விஷயம் இதுதான். தொழிற்பேட்டைக்குப் பின்னால், கம்பெனிச் சுவரும் வயலும் மாறி மாறி வருகிற இடத்தில் எங்கள் தெரு. மழைக்காலம் வந்தால் கூடவே மலேரியாவும் வரும். அதற்காக ஓர் ஆராய்ச்சிக் குழு ஊருக்குள் வந்தது. எல்லா வீட்டுக்கும் மருந்து தோய்த்த கொசுவலை கொடுத்தார்கள். ஆனால் நாங்கள் வலைக்குள் போய்ப் படுப்பது சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, சீரியல் பார்த்து முடித்த பிறகு. பொழுது சாய்ந்ததிலிருந்து அதுவரைக்கும் கடிக்கிற கொசுவுக்கு என்ன வழி? அதற்குக் கை காலில் தடவ ஒரு புது கிரீம் வைத்திருந்தார்கள். வலையோடு கிரீமும் சேர்த்துக் கொடுத்தால் காய்ச்சல் குறைகிறதா என்று பார்க்க வேண்டுமாம். அதனால் பாதிப் பேருக்கு கிரீம் உண்டு, பாதிப் பேருக்கு வலை மட்டும். யாருக்கு எது என்று சமுதாயக்கூடத்தில் எல்லோர் முன்னாலும் சீட்டு எடுத்தார்கள்.

எங்கள் தெருவை மட்டும் நடு ரோட்டைக் கோடாக வைத்து இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். கிழக்குச் சாரிக்கு கிரீம் விழுந்தது. மேற்குச் சாரிக்கு இல்லை. நான் மேற்குச் சாரி. என் வாசலில் நின்றால் எதிர்வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று சொல்லிவிடுவேன், அத்தனை கிட்டம். அந்த வீட்டுக்கு உண்டு, என் வீட்டுக்கு இல்லை என்றால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது?

எனக்காக நான் கத்தவில்லை. என் மகள் ரியாவுக்காகக் கத்தினேன். அவளைப் பட்டாபிராமில் கட்டிக்கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை ஷெர்வினுக்கு ஆவடியில் ஷிப்ட் வேலை. முந்தின வருஷம் ஐந்து மாத வயிறோடு இருந்தபோது அவளுக்கு மலேரியா வந்தது. காய்ச்சலும் போயிற்று, பிள்ளையும் போயிற்று. அதைச் சொல்ல இப்போதும் எனக்கு நாக்கு எழவில்லை. இந்தத் தடவை மறுபடி உண்டாகி, டாக்டர் படுத்தே இருக்கச் சொல்லி, நாலாம் மாதமே எங்களிடம் வந்துவிட்டாள். கடையில் விற்கிற கொசு கிரீமைத் தடவினால் அவளுக்கு உடம்பெல்லாம் தடித்துப்போகும். கொசுவத்திப் புகை பட்டால் வாந்தி. இந்தப் புது கிரீமைக் கர்ப்பிணிகளும் தடவலாம், தோலுக்கு ஒன்றும் செய்யாது என்று கூட்டத்தில் சொன்னதை என் காதாலேயே கேட்டேன். கேட்டும் கைக்கு எட்டவில்லை.

வீடு வீடாக டியூப் கொடுக்க வந்தவள் ஷாகிதா என்ற பெண். பூந்தமல்லியிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். அவளை ரோட்டிலேயே மறித்தேன்.

"ஒரே ஒரு டியூபு குடும்மா. புள்ளத்தாச்சிப் பொண்ணு கீறா. குடுத்தா முழுகியா பூடும்?"

"இந்தச் சாரிக்குக் குடுத்தா கணக்கே தப்பாயிடும்க்கா. என் வேலையும் பூடும்."

"எம்பொண்ணு உன் கணக்குக்குத்தான் பொறந்தாளா?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிற்காது. வாய்க்கு வந்தபடியெல்லாம் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தேன். அந்தப் பெண் முகம் சுருங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டே போனாள். எதிர்வீட்டு வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்த ஃபக்ருன்னிசா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஃபக்ருன்னிசா என்னைவிட மூத்தவள். கல்யாணமாகி நான் இந்தத் தெருவுக்கு வந்த நாளிலிருந்து எனக்கு அவள் ஃபக்ருக்கா. புருஷன் நஜீர் பாய்க்குப் பூந்தமல்லியில் தார்ப்பாய்க் கடை. பிள்ளைகளுக்குக் கல்யாணமாகித் தனித்தனியாகப் போய்விட்டார்கள். நோன்பு மாதத்தில் கஞ்சி அங்கிருந்து வரும், கிறிஸ்துமஸுக்குக் கல்கல்லும் அதிரசமும் இங்கிருந்து போகும். நடுவில் சண்டையும் போட்டிருக்கிறோம். தண்ணீர் லாரிக்கு, குப்பைக்கு, சும்மாவும்.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் ரோட்டைத் தாண்டி வந்து என் கையில் ஒரு டியூபைத் திணித்தாள்.

"இந்தா செலினு. ரியாவுக்குத் தடவி வுடு."

"உனக்குக்கா?"

"எனக்கு எதுக்கு இது? நான் அஞ்சு வேளை தொழுவுறவ. ஒவ்வொரு வாட்டியும் உளூ செய்யணும், மூஞ்சி, கை, காலு எல்லாம் கழுவணும். தடவுனதெல்லாம் தண்ணியோட பூடும். ஊட்டுல சும்மா கெடக்குது."

"பாய் ஒண்ணும் சொல்ல மாட்டாரா?"

"ஆளுக்கு ஒண்ணு குடுக்குறாங்க. அவருது அவருகிட்ட கீது. நீ உன் வேலையப் பாரு."

நோன்புக் கஞ்சியில் அவள் எத்தனை பூண்டு போடுவாள் என்று எனக்குத் தெரியும். உளூவைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? வீணாகப் போகிற பொருளைத்தானே தருகிறாள் என்று வாங்கிக்கொண்டேன். மரியாதைக்குக்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. "மாசா மாசம் குடுப்பாங்கல்ல?" என்று மட்டும் கேட்டேன். அவள் சிரித்துவிட்டுப் போனாள்.

முதல் நாள் ரியாவின் மணிக்கட்டில் கொஞ்சமாகத் தடவிவிட்டுக் காத்திருந்தோம். தடிக்கவில்லை, அரிக்கவில்லை. அதன் பிறகு தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவள் கை, கால், கழுத்து எல்லாம் நானே தடவிவிடுவேன். மாதாவிடம் சொல்லிக்கொண்டே தடவுவேன். மாதம் பிறந்தால் அடுத்த டியூபைச் சேலைத் தலைப்பில் சுருட்டி ஃபக்ருக்கா கொண்டுவந்துவிடுவாள். ஐந்தாம் மாதம் ஒரு குறையும் இல்லாமல் தாண்டியது. ஆறாம் மாதமும் தாண்டியது. ரியா முகத்தில் பழைய சிரிப்பு வந்தது. சாயங்காலம் அவள் எங்கள் வாசல்படியில் உட்காருவாள், ஃபக்ருக்கா தன் வாசல்படியில் உட்காருவாள். ரோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இரண்டு பேரும் கத்திக் கத்திப் பேசுவார்கள். ரியா அவளைப் பெரிம்மா என்றுதான் கூப்பிடுவாள். பேச்சுக்கு நடுவே ஃபக்ருக்கா தன் காலில் பட்டென்று அடித்துக்கொள்வாள்.

"இன்னாக்கா, கொசுக்கெல்லாம் விருந்து வைக்கிறியா?" என்று நான் கிண்டல் பண்ணுவேன்.

"நம்ம ரத்தம் அதுங்களுக்கு இனிக்குது போல," என்பாள்.

தீபாவளி முடிந்து மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் ஃபக்ருக்காவுக்குக் குளிர் தூக்கிப்போட்டது. நான் கஞ்சியோடு போனேன். இரண்டு போர்வைக்குள் இருந்துகொண்டு, முதல் வார்த்தையாக, "ரியாவ இந்தப் பக்கம் வர வுடாதே. என்னக் கடிச்ச கொசு அவளக் கடிக்கப் போவுது," என்றாள். ஷாகிதா வந்து விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்தாள். மலேரியாதான். அன்றைக்கே மாத்திரை ஆரம்பித்தார்கள்.

மறுநாள் ஆராய்ச்சிக்குப் பொறுப்பான டாக்டர் கிருஷ்ணப்பிரியா நேரிலேயே வந்தார். கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். நான் சுவர் ஓரமாக நின்றேன்.

"தினமும் சாயங்காலம் கிரீம் போட்டீங்களாம்மா?"

"போட்டேம்மா. ஒரு நாள் தவறல," என்றாள் ஃபக்ருக்கா.

அவள் என்னைப் பார்க்காமலேயே சொன்னாள். டாக்டர் ஷாகிதாவிடம் திரும்பி, "கிரீம் போட்டும் காய்ச்சல்னு பதிஞ்சுக்கோ," என்றார். பிறகு பொதுவாகச் சொல்வதுபோல், "இதே மாதிரி இன்னும் சில வீட்ல வந்துச்சுன்னா, இந்த கிரீமால பிரயோஜனம் இல்லன்னுதான் முடிவு பண்ண வேண்டியிருக்கும். பாவம், நல்லா வேலை செய்யும்னு நம்பினோம்," என்றார்.

வேலை செய்கிறது டாக்டரம்மா, எங்கள் வீட்டில் நன்றாகவே வேலை செய்கிறது என்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஃபக்ருக்கா போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி என் சேலையைப் பிடித்து ஒரு இழு இழுத்தாள். சொன்னால் டியூப் நின்றுபோகும். ரியாவுக்கு ஏழாம் மாதம். வெளியே மழைத் தண்ணீர் கட்டி நிற்கிறது. வாயை மூடிக்கொண்டேன். நான், செலின், வாயை மூடிக்கொண்டு அந்த வீட்டைவிட்டு வெளியே வந்தேன்.

அன்றைக்குப் பொழுது சாய்கிற நேரத்துக்கு ரசம் கொண்டுபோனேன். நஜீர் பாய் கடையிலிருந்து சீக்கிரமே வந்திருந்தார். பாங்கு சொல்லும் சத்தம் கேட்டது. அவர் குழாயடியில் முகம், கை, கால் கழுவிவிட்டு உள்ளே போய்த் தொழுதார். நான் ஃபக்ருக்காவுக்கு ரசத்தை ஆற்றிக்கொண்டிருந்தேன். தொழுது முடித்த பாய் வெளியே வந்து, அலமாரியிலிருந்து டியூபை எடுத்து, கையிலும் காலிலும் நிதானமாகத் தடவிக்கொண்டார்.

ரசத்தை அப்படியே கீழே வைத்தேன்.

"பாய், நீங்க உளூ செய்யிறீங்க. அப்புறம் எப்டி இத்தத் தடவுறீங்க?"

அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை. "தொழுதுட்டுத் தடவிக்கிறேன். ராத்தொழுகைக்கு மறுபடி கழுவினா மறுபடி கொஞ்சம் தடவிக்கிறது. அதுல இன்னா கீது? எங்க சாரி பொம்பளைங்கல்லாம் அப்டித்தான் செய்யிறாங்க. இவதான், கேட்டா மறந்துட்டேன், தீந்துபூடுச்சுன்னு ஏதாவது சாக்கு சொல்லிகினே இருப்பா," என்று கட்டிலைக் காட்டினார்.

ஃபக்ருக்கா சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பாய் வெளியே போகிற வரைக்கும் பொறுத்திருந்தேன். பிறகு அவள் தோளைப் பிடித்துத் திருப்பினேன். "எதுக்குக்கா எங்கிட்டப் பொய் சொன்னே?"

"இல்லன்னா நீ வாங்கியிருப்பியா?" என்றாள். குரல் எழும்பவில்லை, ஆனாலும் கிண்டல் போகவில்லை. "உன் ரோஷம் எனக்குத் தெரியாதா? எனக்கு வெச்சிருந்தத குடுக்குறேன்னு சொன்னா, டியூபத் தூக்கி என் மூஞ்சி மேலயே கடாசியிருப்பே."

"உனக்கு ஏதாவது ஆயிருந்தா?"

"ஆவலியே. எனக்கு வந்தா மாத்திர தின்னுட்டு எழுந்துப்பேன். வயித்துல கீறது இன்னாத்தத் தின்னும்?"

நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதேன். மாதக்கணக்கில் தினமும் சாயங்காலம் என் கண்ணெதிரே உட்கார்ந்து, கொசுவுக்குக் காலைக் கொடுத்துக்கொண்டு, என் மகளோடு சிரித்துப் பேசியிருக்கிறாள். நான் விருந்து வைக்கிறாயா என்று கேட்டிருக்கிறேன். என் நாக்கை நானே பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. கூடப் பிறந்தவர்கள் எனக்கும் உண்டு. ஒருத்தியும் இப்படிச் செய்ததில்லை.

வீட்டுக்கு வந்து கிறிஸ்துராஜிடம் சொன்னேன். அவர் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர், பேச்சு குறைவு. "டாக்டரம்மாகிட்ட சொன்னா டியூபு நின்னுபூடும். யோசிச்சுக்கோ," என்றார்.

"நின்னா நிக்கட்டும். அவ மருந்து போடாம கொசுக்கடி வாங்கினா. பழி இன்னாடான்னா மருந்து மேல போய் வுழுது. நாளைக்கு இது ஒண்ணுத்துக்கும் ஆவாதுன்னு எழுதிட்டுப் பூட்டாங்கன்னா? ரியா மாதிரி எத்தினி பொண்ணுங்க கீறாங்க. அவ செஞ்சதுக்கு நான் செய்யிற மரியாத இதுவா?"

சொல்லிவிட்டு, டியூபில் இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கிறது என்று அமுக்கிப் பார்த்தேன். பக்கத்து அறையில் ரியா வலைக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

காலையில் கம்பெனியில் நான் பார்க்கிற பேக்கிங் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, சமுதாயக்கூடத்துப் பக்கத்தில் அவர்கள் எடுத்திருந்த அறைக்குப் போனேன். டாக்டர் கிருஷ்ணப்பிரியா இருந்தார். ஷாகிதா டியூப் பெட்டிகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை.

டாக்டர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "இத நீங்களா வந்து சொன்னதுக்கு நான்தான் உங்களுக்கு நன்றி சொல்லணும்மா. எதிரும் புதிருமா இருக்கிற வீட்டப் பிரிச்சு, ஒரு பக்கம் மட்டும் குடுத்தா என்ன ஆகும்னு நாங்க யோசிச்சிருக்கணும். இத அப்படியே பதிவு பண்ணிடுறேன். கிரீம் மேல தப்பில்ல," என்றார்.

"எம்பொண்ணு?"

"இனிமே அவங்களுக்குக் குடுத்தத அவங்கதாம்மா போடணும். உங்க சாரிக்கு ஆராய்ச்சி முடியற வரைக்கும் என்னால குடுக்க முடியாது. எதிர்ச்சாரியில குடியிருக்கிறவங்களுக்குத்தான்."

இதை எதிர்பார்த்துத்தான் போனேன். புறப்படலாம் என்று எழுந்தபோது ஷாகிதா பெட்டியிலிருந்து நிமிர்ந்தாள்.

"மேடம், அந்தச் சாரிக்குப் புதுசா ஒருத்தங்க குடிவந்தா குடுக்கிறோம்ல?"

"கண்டிப்பா."

"ஃபக்ருக்கா ஊட்டுல பசங்க ரூமு சும்மாதான் கீது," என்று என்னைப் பார்த்தாள்.

நடு ரோட்டில் நிறுத்தி வைத்து நான் திட்டிய பெண் அது. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் வேடிக்கைதான் பார்த்திருப்பேன். டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "சும்மா பேருக்கு இல்ல. நிஜமாவே அங்கயே தங்கி, அங்கயே படுக்கிறதா இருந்தா எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா முதல்ல அந்தம்மா ரத்தத்துல கிருமி இல்லன்னு ஆகட்டும்," என்றார். நான் ஷாகிதாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மனசுல வெச்சுக்காதேம்மா," என்றேன். "அப்பவே மறந்துட்டேன்க்கா," என்றாள். மறந்திருக்க மாட்டாள். அப்படிச் சொன்னதே பெரிய மனசு.

ஃபக்ருக்காவிடம் வந்து சொன்னேன். அவள் படுக்கையிலிருந்தே பாயைக் கூப்பிட்டு, பசங்கள் அறையில் அடுக்கியிருந்த தார்ப்பாய்ச் சுருளையெல்லாம் கடைக்கு எடுத்துப்போகச் சொல்லிவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவளுக்குக் காய்ச்சல் தீருகிற வரைக்கும் ரியாவை விளக்கு வைத்ததுமே வலைக்குள் அனுப்பிவிட்டேன். சாப்பாடும் உள்ளேயே. ஃபக்ருக்காவின் ரத்தத்தைத் திரும்பப் பார்த்து, சுத்தமாக இருக்கிறது என்று சொன்ன அன்றைக்கு ரியா தலையணையும் பைபிளும் வலையுமாக ரோட்டைக் கடந்தாள். பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்த பெண், தாய்வீட்டிலிருந்து எதிர்வீட்டுக்குப் போனாள். ஷாகிதா வந்து அவள் பேருக்கே ஒரு டியூப் கொடுத்தாள்.

எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் பொய். ராத்திரி வீடு வெறிச்சென்று இருக்கும். ஆனால் சாயங்காலம் வாசலில் நின்று பார்ப்பேன். ரியாவால் குனிய முடியாது. ஃபக்ருக்கா மக்ரிப் தொழுதுவிட்டு வந்து, கீழே உட்கார்ந்து, அவள் பாதத்திலிருந்து மேலே வரைக்கும் தடவிவிடுவாள். முடித்ததும் நான் இங்கிருந்து குரல் கொடுப்பேன். "உனக்குப் போட்டியா? காட்டு." அவள் தன் கையை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிக் காட்டுவாள். "போட்டேன் தாயே, பளபளன்னு மின்னுது பாரு," என்பாள். காட்டாமல் நான் விடமாட்டேன்.

கிறிஸ்துமஸ் வந்தது. ரியா இருக்கிற வீடு ஸ்டார் இல்லாமல் இருக்கக் கூடாது என்று நஜீர் பாயே ஒன்று வாங்கிவந்து தங்கள் வாசலில் கட்டிவிட்டார். தெருவில் போகிறவர்கள் எல்லோரும் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். "இன்னா பாய், இது?" என்று யாரோ கேட்டதற்கு, "எங்க ஊட்டுல பொண்ணு கீதுப்பா," என்றார். நான் என் வீட்டு ஜன்னலுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

பொங்கல் கழிந்து ஒரு காலை வேளையில் ரியாவுக்கு வலி எடுத்தது. மாப்பிள்ளைக்குப் போன் போட்டுவிட்டு, ஒரே ஆட்டோவில் ரியாவை நடுவில் உட்காரவைத்து, நானும் ஃபக்ருக்காவும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் நான் ஜெபமாலை சொன்னேன், அவள் துஆ ஓதிக்கொண்டே வந்தாள். ரியா இரண்டு பேர் கையையும் நசுக்கிவிட்டாள். அவளை உள்ளே கூட்டிப்போனார்கள். நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். பயம் என்றால் அப்படி ஒரு பயம். போன தடவை இதே மாதிரி ஒரு பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்தபோது வெறுங்கையோடு வந்தார்கள்.

ஷெர்வினும் கிறிஸ்துராஜும் வந்து சேர்ந்தார்கள். வெயில் ஏறிற்று. உள்ளே ஒரு குழந்தை அழுதது. யார் குழந்தையோ என்று நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

கதவு திறந்தது. நர்ஸம்மா துணியில் சுற்றிய குழந்தையோடு வெளியே வந்தாள்.

"ரியாவோட அம்மா யாரு? முன்னால வாங்க. பொம்பளப் புள்ள. ரெண்டு பேரும் நல்லா கீறாங்க."

என் கால் தானாக எழுந்தது. கையும் நீண்டது. பிறகு கையை மடக்கிக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் முழங்கையைப் பிடித்து எழுப்பி, முன்னால் தள்ளினேன்.

"அடி ஏய், நீ போ. நீதானே அம்மா," என்றாள் அவள் தணிந்த குரலில்.

நர்ஸம்மா புர்காவைப் பார்த்தாள், கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள். "நீங்களா ரியாவோட அம்மா?"

ஃபக்ருக்கா திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ஆமாம்மா, அவங்கதான்," என்றேன் நான். "அவங்க கையிலதான் குடுக்கணும்."

நர்ஸம்மா குழந்தையை அவள் கையில் வைத்தாள்.